கிளிமஞ்சாரோ: ஐந்து நாள் போதுமா, எட்டு நாள் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக மலையேறி வருகிறேன். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் பலமுறை ஏறியிருக்கிறேன். இமயமலையில் சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாவுக்குச் சென்றபோது தலைவலிகூட வரவில்லை. வரும் பிப்ரவரியில் தான்சானியாவின் கிளிமஞ்சாரோவில் (5,895 மீட்டர்) ஏற எண்ணியுள்ளேன். விடுப்பும் பணமும் குறைவாக இருப்பதால் மராங்கு வழியில் ஐந்து நாள் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாமா, அல்லது லெமோஷோ வழியில் எட்டு நாள் செல்வதுதான் முறையா என்பதை ஏறி வந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நான் லெமோஷோ வழியில் சென்று வந்தேன். ஐந்து நாள் பயணத்தை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதில் மூன்றாம் நாள் மாலை சுமார் 4,700 மீட்டரிலுள்ள கிபோ குடிலை அடைந்து, அன்று நள்ளிரவே உச்சிக்குப் புறப்பட வேண்டும். உடல் உயரத்துக்குப் பழக நேரம் வேண்டும் என்பதால், 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். முந்தைய இரவு தங்கும் ஹொரொம்போ குடிலிலிருந்து கிபோவுக்குச் செல்லும் ஒரே நாளில் நீங்கள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறிவிடுவீர்கள். லெமோஷோவிலோ, பகலில் 4,600 மீட்டர் உயரத்திலுள்ள லாவா டவர் பாறை வரை ஏறிவிட்டு, 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள பரான்கோ முகாமுக்கு இறங்கி உறங்குகிறோம்.

பழகிய மலையேறிகளுக்கு இன்னோர் இடர் உண்டு: வேகம். எங்கள் குழுவில் எல்லோருக்கும் முன்னே நடந்த மாரத்தான் ஓட்டக்காரர்தான் உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவில் வாந்தியெடுத்துக் கீழே அனுப்பப்பட்டார். வழிகாட்டிகள் 'போலே போலே', அதாவது மெல்ல மெல்ல, என்று ஓயாமல் சொல்வது வெறும் உபசாரம் என்று அவர் நினைத்திருந்தார்.

மறுமொழி 2

பணம்தான் தடை என்றால், மராங்குவிலேயே ஹொரொம்போவில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் பயணம் ஓரளவு பொருத்தமானது. எட்டு நாளுக்கு அது ஈடாகாது. உச்சிக்குச் செல்லும் இரவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதுகுப்பையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்பதால், புட்டியில் நீரை ஊற்றித் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பனிக்கட்டி மேலே இருக்கும் புட்டியின் அடிப்பக்கமே கட்டும், மூடியைத் திறக்க முடியும். தலைவிளக்கின் மாற்று பேட்டரிகளைச் சட்டைக்குள் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அசெட்டசோலமைடு மாத்திரையை எடுத்துக்கொண்டால் நாள்களைக் குறைக்கலாம் என்று ஒரு நண்பர் கூறுகிறார். அது சரியா?

மறுமொழி 1

அம்மாத்திரை உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்த உதவும். ஆனால் அதை நம்பி நாள்களைக் குறைப்பது தவறு. மாத்திரையால் விரல்கள் மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி பிரியும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை எடுத்திருந்தாலும், மலையில் நடை தள்ளாடினாலோ, ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் உடனே இறங்கிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

புரிந்தது. விடுப்பு விண்ணப்பத்தை எட்டு நாள் பயணத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிறேன்.