கொட்டாங்குச்சிக்கு அடியில் நாலு முட்டை

குழு: அம்மாச்சி வீடு

செந்தில்: (படம்) கடைசியில் போட்டேவிட்டாள். கொட்டாங்குச்சிக்கு அடியில் நாலு முட்டை!

மீனா சித்தி: என்னடா இது, ஜவ்வரிசிக் கஞ்சியில் மிளகு விழுந்த மாதிரி?

திவ்யா: தவளை முட்டை சித்தி. காலையிலிருந்து இவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆபீஸ் மீட்டிங்கில்கூட கேமரா ஆஃப்.

ராஜு மாமா: தவளையா? வீட்டுக்குள்ளா? கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்க்கிறேன் என்றுதானே மாப்பிள்ளை சொன்னாய்?

செந்தில்: செடியே தவளைக்காகத்தான் மாமா. தண்ணீர் வடிய அடியில் சுட்ட களிமண் உருண்டை, மேலே வலை, அதற்கு மேல் மரப்பட்டையும் கரியும் கலந்த மண், கடைசியாகக் காய்ந்த சருகு. சருகுக்குள் ஸ்பிரிங்டெயில் என்று வெள்ளையாகப் பொடிப் பூச்சி விட்டிருக்கிறேன். பூஞ்சையை அது தின்னும், அதைத் தவளை தின்னும்.

கவின்: அண்ணா, அந்த நீலத் தவளை அஸூரியஸ் வகைதானே? செம!

செந்தில்: அதேதான். சொந்த ஊர் தென் அமெரிக்காவில், சுரினாம் நாட்டின் தெற்கே சிபாலிவினி. புல்வெளிக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு, அங்கே மட்டும்தான் இருக்கும். 1969-ல் தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது டிங்டோரியஸ் இனத்தில் ஒரு நிற வகை என்கிறார்கள். என் டீமில் ஒரு சுரினாம்காரர் இருக்கிறார், அவர் முதல் தடவை பார்த்ததே எங்கள் வீட்டில்தான்.

ராஜு மாமா: இரு இரு. இது அந்த விஷத் தவளையா? யூடியூபில் பார்த்தேன், தொட்டாலே ஆள் காலி என்கிறான். வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு இது?

அகிலா: நானும் அதைத்தான் கேட்க வந்தேன். டேய், பதில் சொல்.

செந்தில்: மாமா பார்த்தது வேறு தவளை. கொலம்பியாவில் இருக்கும் மஞ்சள் தவளை, பெயரே டெரிபிலிஸ். ஒரு தவளையில் பத்துப் பேரைக் கொல்லும் அளவுக்கு நஞ்சு என்று கணக்குச் சொல்கிறார்கள். அங்கே எம்பெரா பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியை அதன் முதுகில் தேய்த்து வேட்டைக்குப் போவார்கள். அம்புக்குப் பயன்பட்டது இரண்டு மூன்று இனம்தான். ஆனால் மொத்தக் குடும்பத்துக்கும் 'நச்சு அம்புத் தவளை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

செந்தில்: இன்னொன்று, நஞ்சை இது தானாகச் சுரப்பதில்லை. காட்டில் தின்னும் எறும்பிலிருந்தும் சிற்றுண்ணியிலிருந்தும் எடுத்துத் தோலில் சேர்த்து வைக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது பெட்டியில் பிறந்து ஈ தின்று வளர்ந்தது. நஞ்சுக்கு எங்கே போகும்?

அகிலா: அப்போ கையில் எடுக்கலாமா?

செந்தில்: கூடாது. அது நமக்காக இல்லை, அதற்காக. நம் கையில் இருக்கும் சோப்பும் உப்பும் அதன் தோலுக்கு ஆகாது. குழந்தை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

மீனா சித்தி: ஈயா தின்னும்? ஈக்கு எங்கேடா போகிறாய் அந்தக் குளிரில்?

திவ்யா: அதை என்னிடம் கேளுங்கள் சித்தி. உருளைக்கிழங்கு மாவு, ஈஸ்ட், வினிகர் கலந்து டப்பா டப்பாவாக ஈ வளர்க்கிறார். ஊறுகாய் அலமாரியில் ஒரு தட்டு போயே போச்சு. நாற்றம் வேறு.

செந்தில்: பறக்கிற ஈ இல்லை சித்தி. வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தக் குட்டி ஈயில் இறக்கை இல்லாத ரகம். கால்சியம், வைட்டமின் பொடியில் புரட்டிப் போடவேண்டும்.

கவின்: எங்கள் லேபில் இருக்கும் ட்ரோசோபிலா!

மீனா சித்தி: அம்மாச்சி கேட்கிறார்கள், குஞ்சு எப்போது வருமாம்?

செந்தில்: முட்டையில் கரு பிடித்திருந்தால் இரண்டு வாரத்தில் தலைப்பிரட்டை. பிடிக்காவிட்டால் வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும். காட்டில் என்றால் அப்பன் அடிக்கடி வந்து முட்டையை நனைப்பான். பொரிந்ததும் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் மரப்பொந்தில் தேங்கிய தண்ணீரில் விடுவான். இங்கே கொட்டாங்குச்சிக்கு அடியில் கண்ணாடித் தட்டு வைத்திருக்கிறேன். தட்டோடு வெளியே எடுத்து நானே பார்த்துக்கொள்வேன்.

செந்தில்: ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் ஒரு டம்ளருக்கு ஒரு தலைப்பிரட்டை. தவளையாக இரண்டரை, மூன்று மாதம். முன்னங்கால் எட்டிப் பார்க்கிற அன்றுதான் கண்டம். டம்ளரைச் சாய்த்து வைத்துக் கரை காட்டாவிட்டால் தவளைக்குஞ்சு தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துப்போகும்.

ராஜு மாமா: தவளை மூழ்கிச் சாகுமா!

செந்தில்: ஆமாம் மாமா. அந்த நேரத்தில் செவுள் போய் நுரையீரலுக்கு மாறிவிடும். வால் கரைகிற வரை ஒன்றும் தின்னாது. சிலதுக்கு முன்னங்கால் குச்சியாக வரும், அது தேறாது. தாய்க்குச் சத்து போதாவிட்டால் அப்படி ஆகிறது என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். வைட்டமின் பொடியில் நான் கஞ்சத்தனம் பண்ணுவதே இல்லை.

செந்தில்: அப்புறம் சித்தி, தலைப்பிரட்டைத் தண்ணீரில் போட ஒரு காய்ந்த இலை விற்கிறார்கள். பத்து இலை நாலு யூரோ. பூஞ்சையைத் தடுக்குமாம். என்ன இலை தெரியுமா? நம் வாசலில் நிற்கிற நாட்டு வாதுமை!

மீனா சித்தி: அடப்பாவி! தினமும் கூட்டிக் குப்பையில் கொட்டுகிறேனே! வருஷத்துக்கு உனக்கு ஒரு லட்ச ரூபாய் இலை அனுப்பலாம் போலிருக்கே.

அகிலா: டேய், தாய் ஒன்றும் செய்யாதா? எல்லாம் அப்பன்தானா?

செந்தில்: இந்த இனத்தில் பெரும்பாலும் அப்பன்தான். ஆனால் கோஸ்டா ரிக்கா பக்கம் பூமிலியோ என்று ஒரு சிவப்புத் தவளை. தாய் ஒவ்வொரு குஞ்சாகச் சுமந்துபோய், செடியின் இலைக்கக்கத்தில் தேங்கிய தண்ணீரில் விடுவாள். சில நாளுக்கு ஒருமுறை திரும்பி வந்து, கரு பிடிக்காத முட்டை ஒன்றைப் போட்டு ஊட்டுவாள். எந்தக் குஞ்சு எந்தச் செடியில் என்று அவளுக்கு மறக்காது.

மீனா சித்தி: அம்மாச்சிக்குப் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது.

கவின்: அண்ணா, டிசம்பரில் வரும்போது எனக்கு ஒரு ஜோடி?

அகிலா: வக்கீலாகச் சொல்கிறேன், அந்தப் பேச்சே வேண்டாம். இந்த வகைத் தவளைகள் 1987-லிருந்து சைட்டிஸ் என்கிற, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. வனவிலங்குச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருந்தாலே பதிவு செய்யவேண்டும். பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தால் அது கடத்தல். பாங்காக்கிலிருந்து வருகிறவர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் பிடிக்கிற செய்தி வருகிறதே, படிப்பதில்லையா?

செந்தில்: அக்கா சொல்வது சரி. சட்டம் விட்டாலும் மதுரை விடாது. இதற்கு 22-லிருந்து 26 டிகிரி வேண்டும், முப்பதைத் தாண்டினால் பிழைக்காது. கரண்ட் போன ஒரு மதியம் போதும்.

ராஜு மாமா: எனக்கே அந்த மதியம் தாங்காது.

கவின்: போங்க அண்ணா.

செந்தில்: டேய், ஜுவாலஜி படித்துவிட்டு மூஞ்சியைத் தூக்காதே. மழைக்காலத்தில் வால்பாறை போ. ராத்திரி டார்ச்சோடு புதர் ஓரம் நின்றால் புதர்த்தவளை கத்துவது கேட்கும். அதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான். அதை நீ பார்த்து எனக்குப் படம் அனுப்பு.

கவின்: ராத்திரி தனியாகவா? ஆனை, சிறுத்தை எல்லாம் இருக்கே.

அகிலா: தனியாக எல்லாம் வேண்டாம். காலேஜில் கேட்டு, வனத்துறை அனுமதியோடு கூட்டமாகப் போ.

ராஜு மாமா: வால்பாறையில் என் பழைய நண்பர் எஸ்டேட்டில் இருக்கிறார், பேசி வைக்கிறேன். அட்டை ஏறும், மூக்குப்பொடி வாங்கிக்கொள்.

மீனா சித்தி: முதலில் செமஸ்டர் முடியட்டும்.