குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி: ஏறியதா, ஏறவே இல்லையா?

கணக்கர் ராமநாதன்:
சுதா டீச்சர் நேற்று வேறொரு திரியில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "2025 செப்டம்பரில் குளிர்பான வரியை 40 சதவீதமாக ஏற்றிவிட்டார்கள், இனி பிள்ளைகள் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பது குறையும்" என்கிறார். எங்கே ஏற்றினார்கள்? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே கோலாவுக்கு 28 சதவீத வரி, அதன் மேல் 12 சதவீதம் இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரி. 28ம் 12ம் கூட்டினால் 40. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ்ஸை எடுத்துவிட்டு வரியையே 40 ஆக்கினார்கள், அவ்வளவுதான். அதே நாளில் மாம்பழப் பானத்துக்கு 12ல் இருந்து 5 ஆகக் குறைத்தார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாரா?

சுதா, கோவை:
சார், பாதிக் கணக்குதான் சொல்கிறீர்கள். அந்த செஸ் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்க வந்தது. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் அடைந்ததும் போயே தீர வேண்டியது, 2026 மார்ச்தான் கடைசிக் கெடு. அது போனால் கோலா வரி 28க்கு இறங்கியிருக்கும். இறங்க விடாமல் 40லேயே நிரந்தரமாக நிறுத்தினார்கள். 28 ஆகியிருக்க வேண்டியது 40 ஆனால் அது ஏற்றம் இல்லாமல் என்ன? சிகரெட், பான் மசாலா வரிசையில் குளிர்பானத்தை வைத்ததே பெரிய விஷயம். வகுப்பில் எட்டாவது படிக்கும் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலில் கோலாவை ஊற்றிக் கொண்டு வருகிறார்கள், அதைத் தினம் பார்ப்பது நான்.

கணக்கர் ராமநாதன்:
"ஆகியிருக்க வேண்டியது" என்பதற்கு யாரும் பில் போட மாட்டார்கள் டீச்சர். செப்டம்பர் 21 அன்று 40, 22 அன்றும் 40. ஏற்றம் பூஜ்யம்.

மருந்துக்கடை மணி:
இரண்டு பேரும் கொஞ்சம் உடம்புப் பக்கம் வாருங்கள். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே சொல்லிவிட்டது, பெரியவர் ஒருவருக்கு அது சுமார் 50 கிராம், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. ஒரு பாட்டிலிலேயே அந்த 50 கிராமில் பாதிக்கு மேல் காலி. அப்புறம் காபி, டீ, பிஸ்கட் எல்லாம் எங்கே போகும்? திரவமாகக் குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிறைத்த மாதிரி தெரியாது, அதனால் யாரும் மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைப்பதில்லை. அதில் வரும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை வகை நேராக ஈரலுக்குப் போய் அளவு மீறினால் கொழுப்பாகப் படிகிறது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023ல் சொன்னது. நீங்கள் இங்கே 28, 12 என்று கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கர் ராமநாதன்:
மணி, சர்க்கரை கெடுதல் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? வரி சர்க்கரையைப் பார்த்துப் போடப்படவில்லை, அதுதான் என் கோபம். சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கும் 40. இனிப்புச் சேர்த்த, காற்றடைத்த மாம்பழப் பானத்துக்கும் 40. காற்றை மட்டும் எடுத்துவிட்டால் அதே மாம்பழப் பானத்துக்கு 5. நம் விதிப்படி பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே அது பழப் பானம், மீதி தண்ணீரும் சர்க்கரையும். லேபிளைத் திருப்பிப் படியுங்கள், பல மாம்பழப் பானங்களில் கோலா அளவுக்கோ அதற்கு மேலோ சர்க்கரை இருக்கும். வரி குமிழிக்குத்தான், சர்க்கரைக்கு இல்லை. இதைப் போய் நோய் தடுக்கும் வரி என்று டீச்சர் மேளம் அடிக்கிறார்.

விருதுநகர் வேலு:
அண்ணே, கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், கேளுங்கள். 40 சதவீதம் என்கிறீர்கள், என் கடையில் கேம்பா 200 மில்லி பத்து ரூபாய்க்குப் போகிறது. பத்து ரூபாயில் வரியும் அடக்கம். விலையின் மேல் சதவீதம் போட்டால் மலிவாக விற்பவனுக்கு வரியும் மலிவு. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கையில் பத்து ரூபாயோடு வருகிறார்கள், உங்கள் 40 அவர்களை எங்கே தடுத்தது? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டுக் கோலாவையும் நம் பவண்டோவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அதைத் தயாரிப்பது 1916ல் எங்கள் ஊரில் பிறந்த காளிமார்க் கம்பெனி, நாலு தலைமுறையாக நடக்கிறது. அதற்கும் அதே 40 போடுவது அநியாயம்.

மருந்துக்கடை மணி:
பவண்டோவில் இருப்பது விருதுநகர்ச் சர்க்கரை என்று கணையத்துக்குத் தெரியுமா வேலு? ஊர்ப்பாசம் வேறு, இன்சுலின் வேறு.

விருதுநகர் வேலு:
நீங்கள் பேசக்கூடாது தம்பி. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ் என்று பெயர் போட்ட இனிப்பு டெட்ரா பாக்கெட்டை விற்றது யார், பெட்டிக்கடையா? முறையான ஓஆர்எஸ் என்றால் உடம்பு இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல், அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அந்தப் பாக்கெட்டில் அதைப் போல் பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி வருடக்கணக்கில் போராடி, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்றது. அதுவரை மருந்துக்கடை முன்வரிசையில் அடுக்கி வைத்திருந்தீர்களே.

மருந்துக்கடை மணி:
என் கடையில் முறையான ஓஆர்எஸ் பொடிப் பாக்கெட்டைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்போம். மற்றவர்களுக்காக நான் பதில் சொல்ல முடியாது. அதிருக்கட்டும், 2017ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தனவே, அது எத்தனை மாதம் நின்றது? அன்றைக்கு வீரம் பேசிய கடைகளில் இன்று எந்த ஃபிரிட்ஜ் நிற்கிறது?

விருதுநகர் வேலு:
ஃபிரிட்ஜ் யார் கொடுத்தது என்று கேளுங்கள். கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜில் வேறு சரக்கு ஒன்று வைத்தால் மறுநாளே ஆள் வந்து நிற்பான். சொந்த ஃபிரிட்ஜ் வாங்கிக் கரண்ட் பில் கட்டிப் பாருங்கள், அப்புறம் வீரத்தைப் பற்றிப் பேசலாம்.

யாழ் தீபன்:
நீங்கள் எல்லோரும் சதவீதத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். இலங்கையில் 2016ல் சோடாப் போத்தல்களுக்கு நிறக் குறியீடு கொண்டுவந்தார்கள். 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடையில் மஞ்சள். 2017 நவம்பரில் சீனிக்கே ஒரு கிராமுக்கு 50 சதம், அதாவது அரை ரூபாய், என்று வரி. ராமநாதன் ஐயா கேட்பது போலச் சீனியைப் பார்த்துப் போட்ட வரிதான் அது.

கணக்கர் ராமநாதன்:
தீபன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிரிட்டனிலும் 2018 ஏப்ரலில் அப்படித்தான் தொடங்கினார்கள். 100 மில்லியில் 5 கிராமைத் தொட்டால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ். வரி வருவதற்கு முன்பே பல கம்பெனிகள் சர்க்கரையை 5க்குக் கீழே குறைத்துவிட்டன. இங்கே குறைத்தால் என்ன லாபம்? 11 கிராம் போட்டாலும் 40, 4 கிராம் போட்டாலும் 40. மறுபடியும் சொல்கிறேன், அந்த 40ம் புதிது இல்லை.

யாழ் தீபன்:
முழுவதும் கேளுங்கள் ஐயா. எங்கள் வரியை அடுத்த வருடமே 30 சதமாகக் குறைத்துவிட்டார்கள். ஆட்சி மாறியதும் வரி மாறியது. அதனால் இதைத் தீர்வு என்று தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை.

சுதா, கோவை:
பார்த்தீர்களா, நல்ல வரியும் நிற்கவில்லை. இங்கே குறைய வேண்டிய வரியைக் குறைய விடாமல் நிறுத்தியிருக்கிறார்கள், அதைப் பாராட்ட மனம் வரவில்லை உங்களுக்கு. மெக்சிகோவில் 2014ல் லிட்டருக்கு ஒரு பெசோதான் போட்டார்கள், முதல் வருடத்திலேயே விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது.

கணக்கர் ராமநாதன்:
மெக்சிகோவில் இல்லாத வரியைப் புதிதாகப் போட்டார்கள், அதனால் விலை ஏறியது, விற்பனை குறைந்தது. இங்கே என்ன விலை ஏறியது? வேலு கடையில் பத்து ரூபாய். மாம்பழப் பானத்துக்கு வரி 7 புள்ளி இறங்கிவிட்டது. உங்கள் எட்டாம் வகுப்புப் பையன் கோலாவை விட்டுவிட்டு மாம்பழப் பாக்கெட் வாங்கினால் சந்தோஷப்படுவீர்களா?

விருதுநகர் வேலு:
மாம்பழப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதே அம்மாக்கள்தான் அண்ணே. பழம் படம் போட்டிருக்கிறதே. பவண்டோ கேட்டால் திட்டுகிறார்கள்.

மருந்துக்கடை மணி:
மறுபடியும் பவண்டோவா!

சுதா, கோவை:
மாம்பழப் பானத்துக்குக் குறைத்தது தவறுதான், அதற்கும் 40 போடச் சொல்லி எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கோலாவைப் பொறுத்தவரை நான் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். இறங்க வேண்டியது இறங்கவில்லை என்றால் அது ஏற்றம்தான்.

கணக்கர் ராமநாதன்:
28ம் 12ம் 40. 2017லும் 40, இன்றும் 40. எத்தனை சதவீதம் ஏறியது என்று ஒரே ஓர் எண் மட்டும் எழுதுங்கள் டீச்சர்.