தோஆபுக்குத் தமிழ்ச்சொல்: ‘இருபுனல்’ வேண்டாம், ‘ஈராற்றிடை’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

பஞ்சாப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘பாரி தோஆப்’ என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். கீழே போய் ஒன்றுசேரும் இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள நிலத்துக்குத்தான் தோஆப் என்று பெயர். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ‘பாரி’ என்றதும் முல்லைக்குத் தேர் கொடுத்தவர்தான் நினைவுக்கு வருகிறார் என்று மேலூர் அக்கா எழுதியிருந்தார். எனக்கும் அப்படித்தான், பிரான்மலை நமக்குப் பக்கம் ஆயிற்றே! ஆனால் இது பியாஸ், ராவி என்ற இரண்டு ஆறுகளின் பெயர்களில் முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் ஒட்டவைத்த பெயர். அதேபோல் ராவிக்கும் செனாபுக்கும் நடுவில் ரெச்னா தோஆப், செனாபுக்கும் ஜீலத்துக்கும் நடுவில் சஜ் தோஆப். அக்பர் காலத்துப் பெயர்கள். தோஆப் பாரசீகச் சொல்: தோ என்றால் இரண்டு, ஆப் என்றால் நீர்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் இந்தச் சொல்லைப் படித்திருக்கிறோம். கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் நடுவே உள்ள இராய்ச்சூர் தோஆப், 1520இல் கிருஷ்ணதேவராயர் வென்றது. தோஆப் என்பது அந்த ஊர்ப்பெயரின் பின்பாதி என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பெயர்த்து எழுதாத சொல்லால் வரும் வினை இது.

சரி, முன்மொழிவுகளுக்கு வருகிறேன். திண்டுக்கல் ஐயா சொன்ன ‘இருபுனல்’ பாரசீகத்துக்கு அப்படியே நேர். காதுக்கும் இனிமை. ஆனால் அது ஏற்கெனவே வள்ளுவர் எடுத்துக்கொண்ட சொல். ‘இருபுனலும் வாய்ந்த மலையும் வருபுனலும்’ என்ற குறளில் இருபுனல் என்பது மேல்நீரும் கீழ்நீரும் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. அதாவது குளத்து நீரும் கிணற்று நீரும். இரண்டு ஆறு அல்ல. அதே சொல்லுக்கு வேறொரு பொருளை ஏற்றினால் பத்தாம் வகுப்புப் பிள்ளை குழம்பும்.

‘ஆற்றிடைக்குறை’யும் ஆகாது, ஐயா. அது ஆறு பிரிந்து சுற்றி வளைத்த திட்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவரங்கம் மாதிரி. தோஆபின் இரண்டு ஆறுகளும் மலையிலிருந்தே தனித்தனியாக வந்து கீழே போய்ச் சேர்பவை. அதன் அளவும் வேறு. லாகூர், அமிர்தசரஸ், முல்தான், ஹரப்பா எல்லாம் பாரி தோஆப் ஒன்றுக்குள்ளேயே அடங்கும்.

‘படுகை’, ‘வடிநிலம்’ இரண்டிலும் எனக்கு வேறு சிக்கல். அந்தச் சொற்களைக் கேட்டதும் கண்முன் வருவது ஈரமண். ஆனால் தோஆபில் ஈரம் ஓரத்தில்தான். வெள்ளம் ஆண்டுதோறும் வண்டல் போடும் தாழ்நிலத்தை அங்கே பேட் என்கிறார்கள். அதைத் தாண்டி மேலேறினால் நடுவில் ‘பார்’ என்ற மேட்டுநிலம். முட்செடியும் மேய்ச்சலுமாகக் கிடந்தது. கால்வாய் வெட்டிய பிறகுதான் அங்கே கோதுமை வந்தது. ஆகவே சொல்லில் நீர் இருக்க வேண்டிய தேவையில்லை, ‘இடை’ இருந்தாக வேண்டும்.

கட்டுரையின் சாரமே அந்தக் கால்வாய்தான். மேல் பாரி தோஆப் கால்வாய் 1859இல் திறந்தது. ராவியில் மாதோபூரில் தலைமதகு. 1947 ஆகஸ்டில் இந்திய-பாகிஸ்தான் எல்லையான ராட்கிளிஃப் கோடு இந்த நிலத்தைக் குறுக்கே வெட்டியதில் தலைமதகு இந்தியாவில் நின்றுவிட்டது, லாகூர்ப் பக்கத்து வயல்கள் பாகிஸ்தானுக்குப் போயின. 1948 ஏப்ரல் 1 அன்று மதகை அடைத்தார்கள். மே மாதம் ஒரு உடன்பாடு வந்து தண்ணீர் திரும்ப ஓடியது. வழக்கு 1960 சிந்துநதி ஒப்பந்தம்வரை இழுத்தது: ராவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் இந்தியாவுக்கு. அணை ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்றால் என்ன ஆகும் என்பதை 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரில் நாற்று நடும் மதுரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அதனால் என் முன்மொழிவு ‘ஈராற்றிடை’. வெறும் ‘ஆற்றிடை’ என்றால் ‘வழியில்’ என்றும் பொருள் வரும். ஆற்றுப்படையில் வரும் ஆறு அதுதானே. ‘ஈர்’ சேர்ந்தால் அந்த ஐயம் போய்விடும். ‘பாரி ஈராற்றிடை’, ‘இராய்ச்சூர் ஈராற்றிடை’ என்று சொல்லிப் பார்த்தேன்; முதல் தடவை நாக்கு கொஞ்சம் தடுக்கியது, மூன்றாம் தடவை பழகிவிட்டது.

வைகைக்கும் கிருதுமாலுக்கும் நடுவில் இருந்த பழைய மதுரையும் ஈராற்றிடைதானா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கிருதுமால் வைகையில் சேராமல் குண்டாற்றுக்குப் போகிறது. ஆகவே தோஆப் என்று கறாராகச் சொல்ல முடியாது. ஆனால் ஈராற்றிடை என்ற சொல், ஆறுகள் கூடியே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. தாராளமாகச் சொல்லலாம் தம்பி. கிருதுமாலை இன்று ஆறு என்று சொல்ல மனம் வந்தால்.

அப்புறம், அந்த நடுமேட்டுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘மேட்டுக்காடு’ போதுமா? ராவிக்கும் பியாஸின் பழைய தடத்துக்கும் நடுவிலுள்ள மேட்டுக்குக் ‘கஞ்சி பார்’ என்று பெயர். பஞ்சாபியில் கஞ்சி என்றால் வழுக்கை. அப்படியே விட்டால், அடுப்பில் இருப்பதைப் பார்க்கச் சொல்வதுபோல் இருக்கிறது.