சமய பாடவேளையில் அந்தப் பிள்ளை எங்கே இருந்தது?

மன்னார்மகள்:
நேற்று அதிபர் ஐயா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் கொதிக்கிறது. "இலங்கைப் பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் சமயத்தையே படிக்கிறது, ஒருவருக்கும் குறையில்லை" என்று எழுதியிருந்தார். குறையில்லையாம்! என் மகள் தரம் 3இல் இருந்தபோது வகுப்பில் 34 பிள்ளைகள். 33 பேர் சைவம், இவள் ஒருத்தி கத்தோலிக்கம். சமய பாடத்துக்கு மணி அடித்தால் கொப்பியையும் பென்சில் பெட்டியையும் தூக்கிக்கொண்டு விறாந்தையில் கிடந்த வாங்கில் (பெஞ்சில்) போய் இருப்பாள். கத்தோலிக்கப் புத்தகம் அரசாங்கம் இலவசமாகத்தான் தந்தது. படிப்பிக்க ஆள் இல்லை. புத்தகத்தில் இருந்த படங்களுக்கு நிறம் தீட்டியே வருடம் போனது. பாடசாலையின் பெயர் வேண்டாம், இப்போது வேறு அதிபர்.

ஓய்வுபெற்ற அதிபர்:
தங்கச்சி, 32 வருடம் சேவை செய்தவன் சொல்கிறேன். சமயம் இங்கே தரம் 1இலிருந்து சாதாரண தரம் (தரம் 11) வரை கட்டாய பாடம். சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஐந்துக்கும் தனித்தனிப் புத்தகம். கத்தோலிக்கத்துக்கும் மற்றக் கிறிஸ்தவ சபைகளுக்கும்கூட வேறு வேறு. எந்த நாட்டில் இது உண்டு? ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் மகளை வாங்கில் இருத்தினார்களா, அவளாகப் போய் இருந்தாளா? இரண்டும் ஒன்றல்ல.

மன்னார்மகள்:
எட்டு வயதுப் பிள்ளை தானாக ஏன் ஐயா வெளியே போகும்? வெயில் காய்வதற்கா?

ஹரோ மாமா:
இதற்குத்தான் இங்கிலாந்து முறை நல்லது என்று தலைபாடாகச் சொல்கிறேன். இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து எல்லாச் சமயத்தையும் படிக்கும். என் பேத்தி தீபாவளி, ஈத், ஹனுக்கா எல்லாம் சொல்லுவாள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கிறிஸ்தவத்தை முதன்மையாக வைத்தாலும் மற்றப் பெரிய சமயங்களையும் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற அதிபர்:
ஹரோ மாமா, உங்கள் பேத்திக்கு ஒரு தேவாரம் முழுதாகத் தெரியுமா? எல்லாச் சமயத்திலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால் அது படிப்பா, கல்யாண வீட்டுப் பந்தியா? அதோடு உங்கள் நாட்டிலும் பெற்றோர் விரும்பினால் பிள்ளையைச் சமய வகுப்பிலிருந்து விலக்கலாம். சட்டமே இடம் கொடுக்கிறது. அப்படி விலக்கிய பிள்ளை எங்கே இருக்கும்? அங்கேயும் ஒரு வாங்குதான்!

ஹரோ மாமா:
வாங்கு இல்லை, நூலகம். கதிரை, மேசை, கம்பளம் எல்லாம் உண்டு.

மன்னார்மகள்:
என் மகளின் வாங்குக்கு ஒரு கால் ஆட்டம். கம்பளத்துக்கு எங்கே போவது?

நானா:
காத்தான்குடியிலிருந்து எழுதுகிறேன், இஸ்லாம் பாட ஆசிரியர். அதிபர் சேர் சொல்லும் "குறையில்லை" எப்படி வருகிறது தெரியுமா? எங்கள் பாடசாலையில் எல்லோரும் முஸ்லிம் பிள்ளைகள். ரமழானுக்கு ஏற்றபடி எங்களுக்குத் தவணை விடுமுறையே வேறு. அடுத்த ஊரில் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். பாடசாலைகளையே ஆளுக்கொன்றாகப் பிரித்துவிட்டால் சமய பாடத்தில் சிக்கல் வராதுதான். கலந்து இருக்கும் இடத்தில்தான் வாங்கு வருகிறது.

ஓய்வுபெற்ற அதிபர்:
நானா, நீங்களும் வாங்கைப் பிடித்துக்கொண்டீர்களா? போன மாதம் கறுத்தக்கொழும்பான் மாம்பழ விவாதத்திலும் இப்படித்தான் கடைசியில் வந்து மற்றப் பக்கம் சாய்ந்தீர்கள். நான் மறக்கவில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1848இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏன் தொடங்கினார்? மிஷன் பள்ளிகளில் சைவப் பிள்ளை பைபிள் படிக்க வேண்டியிருந்தது. தன் சமயத்தைத் தன் பள்ளியில் படிக்கும் உரிமை அப்படிப் போராடி வந்தது. அதைப் போய் ஒரு வாங்கு என்று கொச்சைப்படுத்தலாமா?

மன்னார்மகள்:
ஐயா, அந்தச் சைவப் பிள்ளைக்கு அன்றைக்கு வலித்ததுதானே என் பிள்ளைக்கும் வலித்தது? நாவலர் இருந்திருந்தால் எனக்காகக் கதைத்திருப்பார்.

வண்ணைவாசி:
நாவலரைக் கத்தோலிக்கருக்கு வக்கீல் ஆக்கிவிட்டீர்களே! சிவசிவா.

கொட்டைப்பாக்கு:
பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவரும் அதே நாவலர்தான். வண்ணைவாசிக்கு அது மட்டும் ஞாபகம் வராது.

வண்ணைவாசி:
அது அவர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்த காலம். வயிற்றுப்பாடு வேறு, கொள்கை வேறு. அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து எழுதாதீர்கள். அதிபர் ஐயாவும் கவனிக்க: பாடத்தை "இந்து சமயம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற அதிபர்:
புத்தக அட்டையில் "சைவநெறி" என்று அச்சடித்திருக்கிறது. உயர்தரத்தில் வருவது "இந்து நாகரிகம்", அது வேறு பாடம். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவனுக்கு அட்டை வாசிக்கத் தெரியாதா?

கொட்டைப்பாக்கு:
முதலில் 32, இப்போது முப்பது. இரண்டு வருடம் எங்கே? அவரும் வாங்கில் இருந்தாரோ?

ஓய்வுபெற்ற அதிபர்:
கடைசி இரண்டு வருடம் நிர்வாகம் மட்டும். இந்த மாதிரி ஆட்களுக்குப் பதில் சொல்வதில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிக்கு மட்டும் எழுதுகிறேன். என் பாடசாலையில் தரம் 4இல் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். சமய நேரம் வந்தால் என் அறைக்குக் கூப்பிடுவேன். மௌலவி வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் என் மேசைக்கு எதிரே இருந்து தாங்களே வாசிப்பார்கள். ஒருநாளும் விறாந்தையில் இருத்தியதில்லை. ஆகவே நான் எழுதியது சரி.

நானா:
சேர், அவர்களும் வகுப்பை விட்டு எழும்பித்தானே வந்தார்கள்?

ஓய்வுபெற்ற அதிபர்:
எழும்பி வந்தார்கள். அனுப்பப்படவில்லை. வித்தியாசம் விளங்காவிட்டால் நான் என்ன செய்ய?

ஹரோ மாமா:
ஒரே வகுப்பில் எல்லோருக்கும் படிப்பித்தால் எழும்பவே தேவையில்லை என்றுதான் நான்...

ஓய்வுபெற்ற அதிபர்:
தேவாரம் தெரியுமா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஹரோ மாமா:
முதல் இரண்டு வரி தெரியும்.

மன்னார்மகள்:
மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. இதைக் காட்டினேன். "அம்மா, எனக்கு அந்தத் தேவாரம் முழுக்கத் தெரியும், யன்னலால் கேட்டுக் கேட்டுப் பாடம்" என்றாள். செபமாலை சொல்லத்தான் ஆறு வயதுத் தம்பியிடம் பிந்திப் படித்தாள்.

ஓய்வுபெற்ற அதிபர்:
பார்த்தீர்களா! யன்னல் பக்கத்தில்தான் வாங்கு இருந்திருக்கிறது. அப்படியென்றால் ஆசிரியையின் பார்வைக்குள்தான் பிள்ளை இருந்திருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தங்கச்சி.

மன்னார்மகள்:
ஐயா!!

கொட்டைப்பாக்கு:
அந்த மாம்பழ விவாதம் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது? ஒருக்கால் வாசிக்க வேண்டும்.

வண்ணைவாசி:
வேண்டாம். அதிலும் இவர் முப்பத்திரண்டு மரம் என்று தொடங்கினவர்.