பதில்: ‘பசையம்’ வேண்டாம், ‘அற்ற’ என்பதும் வேண்டாம்

அன்பின் கலைச்சொற் குழுவினருக்கு,

கோதுமையில் இருக்கும் குளூற்றன் (gluten) என்ற புரதத்துக்கும், அது இல்லாத பியருக்கும் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘பசையம்’ என்றே வைத்துக்கொள்வோம். இலத்தீன் மூலத்துக்கும் பசை என்றுதானே பொருள்.

சேர், சொற்பிறப்பைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. கோதுமை மாவைக் குழைத்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாப்பொருள் கரைந்து போய், இறப்பர் மாதிரி ஒரு கட்டி கையில் மிஞ்சும். பெக்காரி என்ற இத்தாலியர் இதை 1745இல் எழுதி வெளியிட்டார். ஒட்டுகிற பொருளுக்குப் பசை என்று பெயர் வந்ததில் குற்றமில்லை.

எனக்கு இரண்டு மனத்தாங்கல். முதலாவது சின்னது. பள்ளிப் பிள்ளைகள் ‘பச்சையம்’ படிக்கிறார்கள். ஒரு ‘ச்’ விழுந்தால் இலையில் இருந்தது பாணுக்குள் வந்துவிடும்.

மற்றது என் வயிறு சொல்லித் தந்தது. எனக்குக் கோதுமை ஆகாது என்று தெரிந்ததும் பாணையும் ரொட்டியையும் விட்டேன். ஆனால் காலையில் புட்டு மட்டும் நடந்துகொண்டிருந்தது. வன்னியில் நம் வீடுகளில் கோதுமை மாவை அவித்து அரித்துத்தானே புட்டுக்கும் இடியப்பத்துக்கும் எடுக்கிறோம்? அவித்த மாவில் இழுவை இல்லை. அதை வீச்சுரொட்டி போடுகிறவரிடம் கொடுத்தால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். “அவிச்சால் எல்லாம் செத்துப்போகும்” என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். பசைதான் செத்தது. புரதம் அப்படியே கிடந்தது. எட்டு மாதம் ஏன் வயிறு சுகப்படவில்லை என்று தேடியலைந்தேன்.

‘பசையம்’, ‘மாப்பிசின்’, ‘இழுமம்’ என்று இங்கே வந்த சொற்களெல்லாம் கை உணர்வதைச் சொல்கின்றன. குடலுக்கு ஆகாதது கைக்குத் தெரியாத இடத்திலும் இருக்கிறது. பியரில் என்ன பசை? அதைச் செய்யும் வாற்கோதுமையில் இருக்கும் ஹோர்டீன் என்ற புரதம் வீச்சுரொட்டி மாவைப் போல இழுபடாது, ஆனாலும் எனக்கு அது கோதுமைக்குச் சமம். ஆகையால் பொருளின் பெயர் ‘குளூற்றன்’ என்றே இருக்கட்டும். குளுக்கோசையும் இன்சுலினையும் நாம் மொழிபெயர்க்கவில்லையே.

உண்மையான சிக்கல் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் ஒட்டில் இருக்கிறது. ‘குளூற்றன் அற்ற பியர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எதை அப்படி அழைக்கிறோம்?

போன வருடம் கனடாவிலிருந்து வந்த அத்தான் குளூற்றன் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைப் பட்டி ஒரு பெட்டி கொண்டுவந்தார். கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரி கோடு விழும். கிளிநொச்சி டவுனில் இரண்டு சாதாரண லாகர் வகைப் பியர் வாங்கிச் சோதித்தோம். இரண்டிலும் இரண்டாவது கோடு இல்லை. அன்று இரவு ஒரு ரின்னை முழுதாகக் குடித்து, மறுநாள் முழுதாக வருந்தினேன். பிறகுதான் துண்டுப் பிரசுரத்தை ஒழுங்காக வாசித்தேன். நொதித்த பானங்களுக்கு அந்தப் பட்டி பொருந்தாதாம்.

ஏன் பொருந்தாது? வழக்கமான சோதனையில் ஒரு புரதத் துண்டை இரண்டு பிறபொருளெதிரிகள் (antibodies) இரு பக்கமும் பிடிக்க வேண்டும், தாச்சியின் இரு காதையும் இருவர் பிடித்துத் தூக்குவது போல. முளைக்கவைக்கும்போதும் நொதிக்கும்போதும் புரதம் துண்டுபடுகிறது. ஒற்றைக் காதோடு கிடக்கும் துண்டைச் சோதனை காணாது, குடல் காணும். ஒற்றைக் காதையும் கணக்கில் எடுக்கும் போட்டிவகைச் சோதனை ஒன்று உண்டு. பியரைப் பெரும்பாலும் அதில்தான் அளக்கிறார்கள். ஆனால் அதையும் நம்பி எண் சொல்ல முடியாது என்றுதான் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2020இல் விதி செய்தது: நொதித்த உணவுக்கு முடிவில் அளந்த அளவு போதாது, நொதிக்க முன்பே மூலப்பொருளில் குளூற்றன் இல்லை என்று காட்ட வேண்டும்.

சாதாரண லாகர்களிலும் சில, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற பன்னாட்டு எல்லைக்குக் கீழே காட்டுவது உண்மைதான். அரிசியோ சோளமோ கலப்பதால் வாற்கோதுமையின் பங்கு குறையும். கொதிக்கும்போது கொஞ்சப் புரதம் திரளும். கலங்கலை எடுக்கப் போடும் சிலிக்கா கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் இவற்றை யாரும் என் வயிற்றுக்காகச் செய்யவில்லை. அடுத்த தொகுதியில் அளவு மாறினால் கேட்பாரும் இல்லை.

இன்னொரு வகை, நொதியம் (enzyme) விட்ட பியர். அஸ்பர்ஜிலஸ் பூஞ்சையிலிருந்து எடுத்த ஒரு நொதியம், புரோலீன் என்ற அமினோ அமிலம் வரும் இடம் பார்த்துப் புரதத்தை வெட்டும். குளூற்றனில் புரோலீன் நிறைய. முதலில் இதைப் போட்டது பியர் குளிரில் கலங்காமல் இருக்கத்தான். குளூற்றன் குறைந்தது கூடவே கிடைத்த இலாபம்.

அதனால் என் முன்மொழிவு: சோர்கம், குரக்கன், அரிசி என்று மூலத்திலேயே இல்லாதது ‘குளூற்றனிலி’. முதுகெலும்பிலி என்கிறோமே, அதே இலி. நம் பனங்கள் பிறவியிலேயே குளூற்றனிலி, அதற்குச் சோதனையும் வேண்டாம். நொதியம் வெட்டியது ‘குளூற்றன் அறுத்த’ பியர். அற்றது தானாக இல்லாதது, அறுத்தது ஒருவர் வெட்டியது, வெட்டிய துண்டு எங்கோ கிடக்கும். சோதனையில் படாத சாதாரண லாகர் ‘குளூற்றன் தென்படா’ பியர். யாருக்குத் தென்படவில்லை என்று குடிக்கிறவர் கேட்பார் அல்லவா, அந்தக் கேள்வி அந்தச் சொல்லிலேயே இருக்கட்டும்.

கிளிநொச்சியிலிருந்து

* * *

தம்பி,

‘இலி’யும் ‘தென்படா’வும் நன்று. ஆனால் பசையம், பச்சையம் என்று என்னைப் பிடித்துவிட்டு, நீரே ‘அற்ற’, ‘அறுத்த’ என்று வந்து நிற்கிறீர். போத்தலில் சின்ன எழுத்தில் அடித்தால் என் கண்ணாடிக்கு இரண்டும் ஒன்றுதான். பிழையாக வாசித்தால் உமக்குத்தான் வயிற்றுவலி. ‘துணித்த’ என்றால் என்ன?

வவுனியாவிலிருந்து

* * *

சேர்,

மாட்டிக்கொண்டேன். அற்றதும் அறுத்ததும் பக்கத்தில் நிற்கும் அழகில் மயங்கிவிட்டேன், அழகு லேபலில் உதவாது.

‘துணித்த’ என்றால் பிள்ளைகள் துணிவு என்று நினைப்பார்கள். மாங்குளத்தில் என் மாமியிடம் கேட்டேன். “நறுக்கினது எண்டு எழுதன், வெங்காயத்தை நறுக்கினால் வெங்காயம் இல்லையெண்டு ஆர் சொல்லுவினம்?” என்றார். ‘குளூற்றன் நறுக்கிய பியர்.’ எனக்குச் சம்மதம். நீங்கள் மறுக்காவிட்டால் பட்டியலில் இதையே ஏற்றிவிடுகிறேன். ‘அறுத்த’ என்ற என் முன்மொழிவை அடித்துவிடவும்.

கிளிநொச்சியிலிருந்து