கவர்ன்மெண்ட் கேம்ப்: அம்மா அப்பாவுக்குப் பனி காட்ட யோசனை சொல்லுங்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லேண்ட் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். பனியைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. ஜனவரி கடைசியில் மவுண்ட் ஹூட் மலையடிவாரத்தில் கவர்ன்மெண்ட் கேம்ப் என்ற ஊரில் இரண்டு நாள் தங்கப் போகிறோம்.

அம்மாவுக்கு மூட்டுவலி, அதுதான் என் பெரிய கவலை. உறைந்த பனியில் கால் வழுக்கினால் தாங்கமாட்டார். செருப்புக்கு மேல் மாட்டும் முள்பட்டை போதுமா, நல்ல பூட்ஸே வாங்கிவிடவா? வாசல்வரை கார் போகும் தங்குமிடம் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கவர்ன்மெண்ட் கேம்ப் நகராட்சி இல்லாத சின்ன ஊர், கிளாக்கமஸ் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) கீழ் வருகிறது. தெருப்பனியை எவ்வளவு சீக்கிரம் அள்ளுவார்கள் என்பது அங்கே போய்த் தங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

எங்களுடையது முன்சக்கர இழுவை கார். நெடுஞ்சாலை 26-இல் சக்கரத்தில் சங்கிலி கட்டச் சொல்லிப் பலகை வைத்தால் எங்கே ஒதுங்கிக் கட்டுவீர்கள்? பனிப்பகுதியில் காரை நிறுத்த ஸ்னோ பார்க் அனுமதிச் சீட்டு நவம்பர் முதல் ஏப்ரல் வரை வேண்டும் என்று தெரியும். மலைக்குப் போகும் வழியில் எந்தக் கடையில் கிடைக்கும்?

மலைமேல் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜ் விடுதிக்கும் கூட்டிப்போக ஆசை. 1937-இல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் திறந்துவைத்த அந்தக் கட்டடத்தின் மர வேலைப்பாட்டை அப்பா பார்த்தே ஆகவேண்டும், அவர் தச்சர். லாட்ஜ் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் மூச்சுத்திணறல் ஏதும் இருந்ததா என்று சொன்னால் பெரிய உதவி.