'மேடே'க்கும் மே மாதத்துக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: ஆபத்தில் விமானி சொல்லும் 'மேடே' எங்கிருந்து வந்தது? 'பான்-பான்' வேறா?

பதில் 1: மே தினத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைங்க. 'எனக்கு உதவ' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. 1920களில் லண்டன் குரோய்டன் விமான நிலைய ரேடியோ அதிகாரி மாக்ஃபோர்ட் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து பாரிஸுக்குத்தான் போக்குவரத்து அதிகம். இரு தரப்புக்கும் புரிய வேண்டுமே! பழைய ஆபத்துக் குறியான எஸ்ஓஎஸ் தந்திக்குச் சரி, பேச்சில் 'எஸ்' தெளிவாகக் கேட்காது. 1927இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச ரேடியோ மாநாடு மேடேயை ஏற்றது.

பதில் 2: மூன்று முறை சொல்ல வேண்டும். ஒரே முறை சொன்னால், வேறொருவரின் மேடே பற்றிய பேச்சோ என்று குழம்பலாம். பிறகு அழைப்புப் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். கப்பலில் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) ரேடியோவின் 16ஆம் சேனல். விமானத்தில் அப்போது பேசும் அலைவரிசையே போதும். பதில் வராவிட்டால் ஆபத்துக்கான 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை.

பதில் 3: 'பான்' பிரெஞ்சில் பழுது. அவசரம், ஆனால் உடனடி உயிராபத்து இல்லை என்றால் இது. 'பான்' சில சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்ற விளக்கங்கள் பின்னால் ஒட்டவைத்தவை.